குவாரி, சவுடு பள்ளம், செயற்கைக்கோள் படம்: கேள்வி பதில்

நம் பக்கத்துக் கல்குவாரி, சவுடு பள்ளம், அவற்றை மூடி மரம் வைத்த இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் எப்படிப் பார்ப்பது என்று கேளுங்கள். பட்டா, எல்லைத் தகராறு என் துறை இல்லை.

சிங்கம்புணரி: அண்ணே, எங்க ஊர்க் குவாரி எந்த வருஷத்திலிருந்து பெருசாச்சுன்னு பார்க்கலாமா? காசு கட்டணுமா?

காசே வேண்டாம். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் 2008 முதல் இலவசம். 30 மீட்டர் தெளிவில், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர் என்ற அளவில், 1980களிலிருந்து கிடைக்கின்றன. 2015க்குப் பிறகு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இருக்கிறது, 10 மீட்டர் தெளிவு. வருஷத்துக்கு ஒரு படம் எடுத்து வரிசையாக வையுங்கள். ஆனால் ஒரே மாதத்துப் படமாக இருக்க வேண்டும். கார்த்திகையில் செட்டிநாடு முழுக்கப் பச்சை, சித்திரையில் முழுக்கச் செம்மண். இரண்டையும் பக்கத்தில் வைத்து "காடு அழிந்துவிட்டது" என்று மனு எழுதினால் முதல் விசாரணையிலேயே தள்ளிவிடுவார்கள்.

கானாடுகாத்தான்: ஒரு ஏக்கர் சவுடு பள்ளம் தெரியுமா?

சென்டினலில் ஒரு புள்ளி 100 சதுர மீட்டர். ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளி வரும், ஆனால் ஓரத்துப் புள்ளிகளில் பள்ளமும் பக்கத்து நிலமும் கலந்திருக்கும். பள்ளம் இருப்பது தெரியும், பரப்பைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. லேண்ட்சாட்டில் நாலைந்து புள்ளிதான், அதை நம்பாதீர்கள்.

தேவகோட்டை: ராத்திரி லாரி போவதை நேரலையில் பார்க்க முடியுமா?

முடியாது. சென்டினல்-2 சில நாளுக்கு ஒரு முறை, அதுவும் முற்பகலில்தான் நம் மேல் வரும்.

பள்ளத்தூர்: ஐயா, குவாரியின் ஆழம்?

சாதாரணப் படத்தில் ஆழம் கிடைக்காது. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயர அளவு இருக்கிறது, அது அன்றைய தரைமட்டத்தை மட்டும் சொல்லும். இன்றைய ஆழத்துக்கு ட்ரோன் அளவையோ, இரு கோணத்தில் எடுத்த படங்களோ வேண்டும். இன்னொன்று, மார்கழி, தை மாதங்களில் வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும். கிழக்கு, தெற்குச் சுவர்களின் நிழல் குழிக்குள் விழுந்து தண்ணீர் போலவே கறுப்பாகத் தெரியும். சித்திரைப் படத்தையும் பாருங்கள். கண்மாயெல்லாம் வற்றிக் கிடக்கும்போதும் அந்தக் கறுப்பு அங்கேயே இருந்தால் அது தண்ணீர்.

புதுவயல்: நேரலையில் பார்க்க ஆப் ஏதாவது?

தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதேதான்.

குன்றக்குடி: அரசாங்கமே இப்படிப் பார்க்கிறதா?

2016இல் மத்திய சுரங்க அமைச்சகம் இதற்கென்றே ஒரு கண்காணிப்பு முறை தொடங்கியது. குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டர் வரை மாற்றம் தெரிந்தால் மாநிலத்துக்குத் தகவல் போகும். அது முதலில் இரும்பு, சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்காக வந்தது. கல், கிராவல், சவுடு எல்லாம் சிறுகனிமம், அதற்கு மாவட்டக் கனிமவளத் துறையில் கேளுங்கள்.

காரைக்குடி: மூடிய குவாரியில் மரம் நட்டதாகச் சொல்கிறார்கள். பசுமைக் குறியீடு 0.5க்கு மேல் வருகிறது. சீரமைப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வருவதுதான் அந்த எண். அது இலை எவ்வளவு என்று சொல்லும், எந்த மரத்தின் இலை என்று சொல்லாது. கிளறிப் போட்ட கழிவு மண்ணில், யாரும் நடாமலே, முதலில் வருவது சீமைக்கருவேல். வேர் ஆழமாக இறங்குவதால் கத்திரி வெயிலிலும் பச்சையாக நிற்கும். படத்தில் அது நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். புல் மட்டும் முளைத்த இடமென்றால் சித்திரையில் எண் சரிந்துவிடும், அதைப் பிரித்துவிடலாம். வேம்பும் புளியும் கோடையில் பச்சைதான் என்பதால் கருவேலை இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் தழைக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகையில் சேர்க்கச் சொன்னது. அளவுகோல் அதுதான், வெறும் பச்சை இல்லை.

மானாமதுரை: சீமைக்கருவேலும் மரம்தானே? எங்க பக்கம் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பம் சாப்பிடுது.

அந்தப் பிழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. கரிக்காக வளர்ப்பது வேறு. குவாரிக்காரர் செய்ய வேண்டிய வேலையைக் ஆடும் மழைவெள்ளமும் கொண்டுவந்த விதை செய்துவிட்டது என்று கணக்கு முடிப்பது வேறு.

காரைக்குடி: ஆடு அந்தக் காயைத் தின்கிறதே, அப்போது தீவனம்தானே?

காய் தீவனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடர்ந்த கருவேலுக்குள் குனிந்து தரையைப் பாருங்கள், புல் அநேகமாக இருக்காது. மாட்டுக்கு அங்கே என்ன கிடைக்கும்?

மானாமதுரை: வெறும் பாறைக்கு அது மேல் இல்லையா?

மண் அரிப்பைக் கொஞ்சம் தடுக்கும், அந்த அளவுக்குச் சரி. அதற்குச் சீரமைப்பு என்று சான்று கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கோட்டையூர்: நட்ட மரம் கூகுள் எர்த்தில் தெரியவில்லையே?

படத்தின் தேதியைப் பார்த்தீர்களா? நடுவதற்கு முந்தைய படமாக இருக்கலாம்.

காரைக்குடி: அப்போ நான் என்னதான் செய்வது?

படத்தில் பச்சையாகத் தெரியும் இடத்தில் பத்துப் புள்ளி குறித்துக்கொண்டு, அனுமதி வாங்கி நேரில் போங்கள். ஒவ்வொன்றிலும் வேம்பா, புளியா, கருவேலா, கீழே புல் உண்டா, மேல்மண் எத்தனை விரல்கடை இருக்கிறது என்று ஜிபிஎஸ் எண்ணோடு எழுதி வாருங்கள். அப்புறம் உங்கள் படத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.