நூர்பர்க்ரிங் போகும் முன்: முதலில் பிரேக் ஆயில், கடைசியில்தான் அலாய் வீல்

வணக்கம் தம்பி. ஸ்டுட்கார்ட் வந்து எட்டு மாதம் ஆகிறது, பழைய டொயோட்டா ஜிடி86 ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், கோவையில் இருந்தபோது காரி டிராக்கில் மூன்று தடவை ஓட்டியிருக்கிறீர்கள், கையில் 4,000 யூரோ ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். மே மாதம் ஜெர்மனியின் புகழ்பெற்ற ரேஸ் பாதையான நூர்பர்க்ரிங் போவதற்குள் பெரிய பிரேக் கிட், 18 அங்குல அலாய் வீல், பள்ளம் குறைவான ரேஸ் ரகமான செமி ஸ்லிக் டயர் இதில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து 14 வருடம். இதே ஜிடி86 என்னிடம் ஒன்பது வருடமாக இருக்கிறது. அந்த மூன்றில் எதையும் இந்த வருடம் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காரியில் ஒரு சுற்று 2 கிலோமீட்டர் சொச்சம். நூர்பர்க்ரிங்கில் நீங்கள் ஓட்டப்போகும் நோர்ட்ஷ்லைஃபே என்னும் பழைய வட்டம் 20.8 கிலோமீட்டர். 73 வளைவு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் வித்தியாசம். 1927-இல் காட்டு மலைக்குள் போட்ட பாதை என்பதால் பல இடங்களில் தார் முடிந்த கையோடு கொஞ்சம் புல், அதை அடுத்து இரும்புத் தடுப்பு. தவறினால் ஓடி நிற்க இடம் கிடையாது. அதனால் இங்கே வேகம் கூட்டும் சாமானைவிட, பத்து நிமிடம் விடாமல் வேலை செய்யும் பிரேக்தான் முதலில் வேண்டும்.

ஷ்வேடன்க்ரொய்ஸ் தாண்டி ஆரம்பெர்க் வளைவுக்கு வரும்போது நம் வண்டி மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே 80-க்குக் கொண்டுவர வேண்டும். ஆளோடு சேர்த்து 1,300 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டி அந்தச் சில நொடிகளில் இழக்கும் சக்தியைக் கணக்குப் போட்டால் சுமார் 1.7 மெகாஜூல் வருகிறது. 5 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அவ்வளவு சூடு போதும். அது பெரும்பாலும் சக்கரத்தோடு சுழலும் நான்கு பிரேக் டிஸ்க்குக்குள்தான் இறங்குகிறது, அதிலும் முன்பக்கம் இரண்டுக்கும் பெரும்பங்கு. அடுத்து அடெனாவர் ஃபோர்ஸ்ட் முடிந்ததும் பாதை கீழே இறங்க ஆரம்பிக்கும். மெட்ஸ்கெஸ்ஃபெல்ட், காலன்ஹார்ட், வேர்ஸைஃபென் என்று இறக்கத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள். பிரேக்குக்கு மூச்சு விட நேரமே இருக்காது. பிரைட்ஷைட் பாலம் வந்த பிறகுதான் ஏற்றம் தொடங்கி, டிஸ்க் கொஞ்சம் ஆறும்.

என் முதல் வருடத்தில் பெடல் கீழே போனது அந்த இறக்கத்தில்தான். வண்டி வாங்கிய சூட்டோடு ஓட்டை போட்ட டிஸ்க்கும் 18 அங்குல வீலும் மாட்டியிருந்தேன். பிரேக் ஆயில் பழைய உரிமையாளர் ஊற்றியது, நான் தொடவே இல்லை. முதல் சுற்று நன்றாகப் போனது. இடைவெளி விடாமல் இரண்டாவது சுற்றுக்குப் போனேன். வேர்ஸைஃபெனுக்கு முன் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்து மிதித்து அழுத்தம் ஏற்றி, கியரையும் இறக்கி, எப்படியோ வளைவைத் தாண்டினேன். பக்கத்து இருக்கையில் என் மனைவி இருந்தாள். மறுநாள் வடித்துப் பார்த்தால் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 4 என்னும் தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அதே அளவு 155-க்கு இறங்கிவிடுகிறது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குள் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கும் பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டிருந்தாலும் உள்ளே பழைய ஆயில் இருந்தால் இந்த ஆபத்து போகாது. ஆகவே முதல் செலவு இதுதான்: 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ரேஸ் ஆயில் வாங்கி, நான்கு சக்கரத்திலும் காற்று எடுத்து மாற்றுங்கள். சாதாரண வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும், டிராக் போகிற வண்டிக்கு வருடா வருடம். எனக்கு ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 120 யூரோ ஆகிறது.

இரண்டாவது, டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்தும் பேட். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் கோளாறு பேட்டில். மெத்தென்று இறங்கினால் கோளாறு ஆயிலில். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், டிராக்கில் உடனே முடிவெடுக்க உதவும். தெருவுக்கான பேட் ஒரு சூட்டுக்கு மேல் பிடிமானத்தை இழக்கும். முழு ரேஸ் பேட்டோ குளிர்ந்திருக்கும்போது பிடிக்காது, காலையில் அலுவலகம் போகும் வழியில் முதல் சிக்னலிலேயே பயமுறுத்தும். தெருவுக்கும் டிராக்குக்கும் நடுவில் இருக்கும் ரகம்தான் உங்களுக்குச் சரி. பெட்டியில் இசிஇ ஆர்90 என்னும் தெருவுக்கான பிரேக் பாக அனுமதி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத பேட்டோடு இந்த நாட்டுத் தெருவில் ஓட்டினால் வண்டியின் இயக்க அனுமதியே கேள்விக்குள்ளாகும். பாதிக்கு மேல் தேய்ந்த பேட்டோடு டிராக்குக்குப் போகாதீர்கள், மெல்லிய பேட் சூட்டை நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும்.

பெரிய டிஸ்க்கும் கேலிப்பரும் கொண்ட பெரிய பிரேக் கிட் பற்றி. நம் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பிரேக்கே நான்கு டயரையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் பிடிக்கும். ஆகவே பெரிய கிட் போட்டால் ஒரே ஒரு முறை நிறுத்தும் தூரம் குறைந்துவிடாது, அதை முடிவு செய்வது டயர். கிட்டின் பலன் சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. ஒரு சுற்று ஓட்டி வெளியே வந்து ஆறவிடுகிறவருக்கு நல்ல ஆயிலும் பேட்டும் போதும். ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டவே வேண்டாம், சூடு ஏறி இறங்கும்போது ஓட்டையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் ஓடும். சாதாரண வெற்று டிஸ்க் நல்லது.

அப்புறம் டயர். ஜிடி86 வரும்போது மாட்டியிருந்தது 215/45 ஆர்17 அளவில் மிஷெலின் ப்ரைமசி, சாதாரணக் குடும்பக் காருக்கும் போடுகிற ரகம். மிதமான வேகத்திலேயே வண்டி வழுக்கி விளையாடட்டும் என்று அப்படிக் கொடுத்தார்கள். உங்கள் வண்டியில் இன்னும் அதுதான் இருந்தால் அதே அளவில் பைலட் ஸ்போர்ட் 5 மாதிரி ஒரு நல்ல கோடை டயர் போடுங்கள். அளவு மாறாததால் டியூஃப் என்னும் வண்டி சோதனை நிறுவனத்தில் வேலையும் இல்லை. செமி ஸ்லிக் ஏன் வேண்டாம் என்றால், ரிங் இருக்கும் ஐஃபெல் மலையின் மழை. நுழைவாயிலில் வெயில் அடிக்கும், ஆறு கிலோமீட்டர் தள்ளி மரநிழலில் தார் நனைந்து கிடக்கும். பள்ளம் குறைவான டயர் அங்கே தண்ணீரை வெளியே தள்ளாது. இன்னொன்றும் உண்டு. நல்ல தெரு டயர் எல்லையை நெருங்கும்போது கீச்சிட்டு முன்கூட்டியே சொல்லும், செமி ஸ்லிக் அவ்வளவு நேரம் கொடுக்காது. பாதை மனப்பாடம் ஆகாத முதல் வருடத்தில் அந்த எச்சரிக்கை உங்களுக்குத் தேவை. காற்றழுத்தத்தையும் பாருங்கள். டயர் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.1 பார் கூடும். சுற்று முடிந்து வந்ததும் அளந்து எழுதி வையுங்கள், நான்கும் ஒரே மாதிரி ஏறியிருக்காது.

அலாய் வீலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் காகிதம். இந்தியாவில் கடையில் பிடித்ததை மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம். இங்கே வீலில் பெரும்பாலும் கேபிஏ என்னும் மோட்டார் வாகன ஆணையத்தின் எண் பொறித்திருக்கும், அதற்கான அனுமதித் தாளில் உங்கள் மாடலும் டயர் அளவும் இருக்க வேண்டும், தாளில் நிபந்தனை போட்டிருந்தால் டியூஃபிலோ, அதேபோன்ற சோதனை நிறுவனமான டெக்ராவிலோ காட்டிப் பதிய வேண்டும். நான் வாங்கிய பழைய 18 அங்குல வீலுக்குத் தாளே இல்லை. விற்றவர் பதியலாம் என்று சொன்ன வார்த்தையை நம்பினேன். சோதனையாளர் எடை தாங்கும் சான்று கேட்டார், கொடுக்க முடியவில்லை. நான்கையும் கழற்றிக் கார் ஷெட்டில் அடுக்க வேண்டியதாயிற்று, 900 யூரோ போனது. நம் வண்டியின் வீலுக்கு ஐந்து நட், அவை அமையும் வட்டம் 100 மில்லிமீட்டர், நடுத்துளை 56.1 மில்லிமீட்டர். 17 அங்குலமே போதும், டயரும் விலை குறைவு, எடையும் குறைவு. எப்போதாவது வாங்கினால் 17-லேயே இன்னொரு செட் வாங்கி, பழைய வீலில் குளிர்கால டயர் போடுங்கள். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை அது என்று இங்கே வழக்கமாகச் சொல்வார்கள். 2024 அக்டோபரிலிருந்து மலையும் பனிப்பூவும் அச்சிட்ட டயர்தான் குளிர்கால டயராகச் செல்லும், சேறு, பனிக்கு என்று போடும் வெறும் எம்+எஸ் முத்திரை செல்லாது. உறைந்த தெருவில் கோடை டயரோடு போனால் 60 யூரோ அபராதமும் ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டனைப் புள்ளியும்.

இன்ஷூரன்ஸ் தாளைப் போவதற்கு முன்பே வரிவரியாகப் படியுங்கள். பொதுமக்கள் ஓட்டும் நேரத்தில் அந்தப் பாதை கட்டணச் சாலை மாதிரிதான், போக்குவரத்துச் சட்டம் பொருந்தும், வலப்பக்கமாகப் போய் இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும், சுற்று நேரம் அளக்கக் கூடாது. அப்படியிருந்தும் பல நிறுவனங்கள் நோர்ட்ஷ்லைஃபேயில் உங்கள் சொந்த வண்டிக்கு ஆகும் சேதத்தைக் கொடுப்பதில்லை. தடுப்பை இடித்தால் அதைச் சரிசெய்யும் செலவும் இடித்தவர் தலையில்தான் வரும். விசாவும் வேலையும் புதிது, வீட்டுக்குப் பணம் அனுப்புகிற வயது. உங்கள் இன்ஷூரன்ஸ் கொடுக்குமா கொடுக்காதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மிச்சப் பணத்தில் அங்கேயே நடக்கும் ஒரு நாள் ஓட்டுநர் பயிற்சிக்குச் சேருங்கள். பயிற்சியாளர் முன்னால் போக, பகுதி பகுதியாகப் பாதை பழகிய பிறகுதான் எனக்கே எங்கே பிரேக் மிதிக்க வேண்டாம் என்று புரிந்தது. அதற்குப் பிறகு பேட் இரண்டு மடங்கு நாள் வருகிறது.

ரிங் போகும் நாள் காலையில் புதுப் பேட்டோடு நேராக உள்ளே போகாதீர்கள். முந்தின வாரமே காலியான சாலையில் 80-இலிருந்து 20 வரை பத்து முறை, முழுதாக நிற்காமல் இறக்கி, பிறகு பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். ரிங்கில் ஒரு சுற்று போனால் வெளியே வந்து குறைந்தது அரை மணி நேரம் நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் போட்டு வையுங்கள், பெடலிலும் காலை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வீல் கழற்றி மாட்டியிருந்தால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை, இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பழைய ஆயில் என்ன நிறத்தில் வருகிறது என்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.