காய்ச்சலுக்குப் போனோம், பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார்கள்!

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. காய்ச்சல், இருமலோடு வயிற்று வலி என்று அவசரப் பிரிவில் சேர்த்தோம். கோவிட் பாசிட்டிவ். வயிற்று சி.டி. ஸ்கேனில் ‘பித்தப்பை விரிந்து கசடு தேங்கியுள்ளது, குடல் சுவர் லேசாகத் தடித்துள்ளது, கல்லீரலில் கொழுப்பு’ என்று வந்திருக்கிறது. பித்தப்பையை உடனே எடுக்க வேண்டும், வேறு சென்டரில் மறுபடி ஸ்கேன் எடுங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்வது?

பதில்: ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பாருங்கள். வயிற்று ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியும் விழும். ‘இரு பக்கமும் மங்கலான திட்டுகள்’ என்று இருந்தால் அதுதான் முக்கியம். அங்கே அழற்சி வந்து உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தினால், வலி மேல்வயிற்றில்தான் தெரியும். 2020-ல் இருமலே இல்லாமல் வயிற்று வலியோடு வந்த சிலருக்கு இப்படித்தான் கோவிட் பிடிபட்டது.

சரியாகச் சாப்பிடாமல் படுத்திருப்பவருக்குப் பித்தம் தேங்கிக் கசடாவது சாதாரணம். அதற்காகக் கத்தி வைக்க மாட்டார்கள். பித்தப்பைச் சுவர் வீங்கி, சுற்றிலும் நீர் கோத்து, வலது விலாவுக்குக் கீழே அழுத்தினால் மூச்சை இழுக்க முடியாமல் வலித்தால்தான் அந்தப் பேச்சே. கல்லீரல் கொழுப்பு பெரும்பாலும் பழைய கதை. கோவிட் வைரஸ் குடலையும் தொற்றும் என்பதால் லேசான தடிப்பு வரலாம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. கோவிடில் ரத்தம் உறையும் போக்கு அதிகம். குடலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளலாம். வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கும், நோயாளியோ வலியில் துடிப்பார். இந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம். மலத்தில் ரத்தம், ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) ஏறுவது, குடல் சுவருக்குள் காற்று என்றால் அறுவை மருத்துவர் அந்த நிமிடமே வர வேண்டும். ரத்தக் குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாத ஸ்கேனில் அடைப்பு தெரியாமல் போகும். ஆகவே, எடுத்தது கான்ட்ராஸ்ட் ஸ்கேனா என்று இன்றே கேளுங்கள்.

மறுபடி ஸ்கேன் தேவையா என்பதை அப்பாவைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்லட்டும். கமிஷனுக்காகச் சென்டருக்கு ஆள் பிடிப்பவர்கள் அவசரப் பிரிவு வாசலிலேயே நிற்கிறார்கள். அந்தத் தெரிந்தவர் எந்த சென்டரைச் சொல்கிறார், ஏன் அதையே சொல்கிறார் என்று விசாரியுங்கள். ஸ்கேன் சீட்டில் டாக்டர்கள் ‘வயிற்று வலி’ என்று இரண்டே சொல் எழுதி அனுப்புகிறார்கள். காய்ச்சல், கோவிட் எதுவும் ஸ்கேனைப் படித்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்டுக்குத் தெரிவதில்லை. அவர் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுகிறார். விளக்க ஆளில்லாமல் அந்தத் தாள் உங்கள் கைக்கு வருகிறது. எத்தனை முறை சொன்னாலும் இது மாறுவதாக இல்லை.

ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, வலி திடீரென்று கூடினாலோ, அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.