தலையாட்டினால் போதுமா?

கேள்வி: நானும் கணவரும் ஒரு வாரம் ஜப்பான் போகிறோம். இருவருக்கும் அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சுத்த சைவம் வேறு. "கைபேசி இருக்கிறது, மிச்சத்தைத் தலையாட்டியே சமாளித்துவிடலாம்" என்கிறார் அவர். முடியுமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூர்க்காரர் வேறு எப்படிச் சொல்வார்? ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த பொம்மை அல்லவா! ஆனால் அந்தப் பொம்மைக்கு ஒரு வசதி உண்டு, அம்மணி. "மேலே மீன் தூவலாமா?" என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை.

என்னிடம் கேட்டார்கள். பல வருடங்களுக்கு முன், ஒசாகாவில் ஒரு சின்னக் கடை. நானும் தலையாட்டினேன். நம் தலையாட்டல்தான் தெரியுமே: மேலும் கீழும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு குழைவு. அதை வேண்டும் என்றும் கொள்ளலாம், வேண்டாம் என்றும் கொள்ளலாம், "அட, என்னவோ செய்யுங்கள்" என்றும் கொள்ளலாம். கடைக்காரர் "ஹை, ஹை" என்றார். புரிந்துகொண்டார் என்று பூரித்துப்போனேன். வந்தது ஒகோனோமியாகி. முட்டைக்கோஸ் போட்ட தடித்த அடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் மரச்சீவல் போல எதையோ அள்ளிப் போட்டிருந்தார்கள். சூரை மீனை வேகவைத்து, புகையில் உலர்த்தி, கட்டையாக இறுக்கிச் சீவியது. கட்சுவோபுஷி என்று பெயர். தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைக்காரர்களுக்கும் மாசி என்றால் புரியும். அதன் ஒன்றுவிட்ட அண்ணன். அடையின் சூட்டில் அந்தச் சீவல்கள் நெளிந்து நெளிந்து ஆடின. ஆக, அந்தக் கடையில் மூன்று பேர் தலையாட்டிக்கொண்டிருந்தோம்: நான், கடைக்காரர், மீன்.

"ஹை" என்றால் ஆமாம் என்று அகராதி சொல்லும். பேச்சில் பல நேரம் அதற்கு "காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்" என்பதற்கு மேல் பொருள் கிடையாது. இப்படிக் கேட்பவர் நடுநடுவே குரல் கொடுப்பதற்கு அங்கே ஐசுச்சி என்று பெயர். பட்டறையில் இரண்டு கொல்லர்கள் மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல். நாம் என்ன செய்கிறோம்? உம் கொட்டுகிறோம். அங்கே சம்மட்டி, இங்கே கொட்டு! எங்கள் உதவி ஆசிரியரிடம் "ஒற்றுப்பிழை எல்லாம் பார்த்தாயிற்றா?" என்று கேட்டால் "உம்" என்பார். அது பதில் அல்ல, ஐசுச்சி என்பது ஜப்பான் போய் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

சம்மட்டியையும் கொட்டையும் சேர்த்து வைத்தேன் என்பதற்காக அன்பர்கள் பேனாவைத் திறக்க வேண்டாம். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இந்த ஒரு வரியை முன்பு இதே பக்கத்தில் எழுதியதற்காக ஒரு பெரியவர் என்னைத் தமிழ்த் துரோகி என்று முடிவு கட்டி, பொங்கல்தோறும் தபால் அட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ஐயா, ஓனோவின் உழைப்பின்மேல் எனக்கும் மரியாதை உண்டு. அந்த உறவை நம்பி, மறுநாள் வேறொரு கடையில் "மீன் வேண்டாம்" என்று நல்ல தமிழில் சொல்லிப் பார்த்தவன் நான். மீன் வந்தது.

உங்கள் கேள்வி என்ன? ஆமாம், சைவம். கைபேசி "சைவம்" என்பதை ஒழுங்காகவே மொழிபெயர்க்கும். சிக்கல் தாஷியில் இருக்கிறது. அந்தக் கட்சுவோபுஷியை வெந்நீரில் போட்டு இறக்கிய சாறு அது. மிசோ சூப்பிலிருந்து நூடுல்ஸ் குழம்பு வரை ஊடுருவியிருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாததால் சமைப்பவருக்கே அது மீன் கணக்கில் வராது. நம் வீட்டில் சாம்பாரில் பெருங்காயத்தை யார் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறார்கள்? "மீன் வேண்டாம், மீன் போட்ட தாஷியும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் ஓர் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு நீட்டுங்கள். முடிந்தால் கோயாசான் மலைக்குப் போய் ஒரு பௌத்த மடத்தில் தங்குங்கள். அங்கே பரிமாறும் ஷோஜின் ரியோரியில் மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் கிடையாது. தாஷிகூடக் கடற்பாசியிலும் காளானிலும் எடுத்ததுதான். மாமியாரையே அழைத்துப் போகலாம்.

கணவரின் யோசனையையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் நாரா. அங்கே பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. மான் பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் தலையைக் குனிந்தால் அவையும் குனிகின்றன. அவருடைய முறை அங்கே கச்சிதமாகச் செல்லுபடியாகும். பிஸ்கட் கொடுக்கத் தாமதித்தால் மட்டும் சட்டையைக் கவ்வி இழுக்கும். பழைய சட்டையாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.