காணொளியா, தொலைபேசியா?

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நரம்பியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்திருந்தேன். பிப்ரவரியில் நேர்காணல் என்றும், பேராசிரியர்கள் மூவர் அரை மணி நேரம் பேசுவார்கள் என்றும், ஜூம் காணொளி, தொலைபேசி இரண்டில் எனக்கு வசதியானதைத் தெரிவிக்கலாம் என்றும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. மூவறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். எனக்கெனத் தனி அறை இல்லை. கேமராவைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு தடுமாறும். தொலைபேசி என்றால் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசலாம் என்கிறார் மாமா. முகத்தைக் காட்டாவிட்டால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள் என்கிறார் அம்மா. எதைத் தேர்ந்தெடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: காணொளியையே தேர்ந்தெடுங்கள். ஆனால், உங்கள் அம்மா சொல்லும் காரணத்துக்காக அன்று. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று தாங்களே எழுதிய பேராசிரியர்கள், தொலைபேசியைக் கேட்டவரைச் சந்தேகிக்கப் போவதில்லை. எதிர்முனையில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதே நான் கருதும் காரணம்.

மூவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஸ்பீக்கரில் பேசினால், கேள்வி கேட்டவர் யார், இடையில் சிரித்தவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்துகிறது. ஆங்கிலத்தின் 'எஸ்', 'எஃப்' ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூறுகளில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. புதிய வகை இணைப்புகளில் தரம் கூடியிருக்கிறது என்றாலும், கடல் கடந்து வரும் அழைப்பில் அதை நம்பியிருக்க முடியாது. மூளைப் பகுதிகளின் பெயர்களும் புரதங்களின் சுருக்கப் பெயர்களும் நிறைந்த உரையாடலில், ஓர் எழுத்து தவறிக் காதில் விழுந்தாலும் நீங்கள் வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஜூம் வழியே வரும் குரலில் இந்த மேல் ஒலிகள் பெரும்பாலும் தப்பி வந்துவிடுகின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல் மௌனம். எவ்வளவு நல்ல இணையமானாலும் இங்கிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குச் செய்தி போய்த் திரும்ப ஏறத்தாழக் கால் விநாடி ஆகும். நெரிசலில் அது இன்னும் நீளும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 1.2 விநாடித் தாமதம் இருந்த அழைப்புகளில் எதிர்முனையில் பேசியவர் நட்புணர்வும் கவனமும் குறைந்தவராக மதிப்பிடப்பட்டார். பழி இணைப்பின் மீது விழாமல் மனிதர் மீது விழுந்தது. தாமதம் காணொளியிலும் உண்டுதான். ஆனால், அங்கே ஒருவர் தலையசைப்பதும், இன்னொருவர் பேச வாயெடுப்பதும், மூன்றாமவர் குனிந்து எழுதுவதும் கண்ணுக்குத் தெரிகின்றன. தொலைபேசியில், பதிலை முடித்தபின் வரும் மௌனத்தில், அவர் குறிப்பெடுக்கிறாரா, பதில் பிடிக்கவில்லையா, இணைப்பே போய்விட்டதா என்று புரியாமல், நன்றாக முடிந்த பதிலுக்கு வால் ஒட்டிக்கொண்டே போவோம். ஆய்வு நேர்காணல்களில் பலரைக் கெடுப்பது இந்த வால்தான்.

மாமா சொல்லும் குறிப்புகளைப் பொறுத்தவரை, வாசிக்கும் குரல் வேறு, யோசித்துப் பேசும் குரல் வேறு என்பது ஆண்டுதோறும் மாணவர்களைக் கேட்கும் பேராசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். உங்கள் பழைய ஆய்வில் எது எதிர்பார்த்தபடி வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைத்தான் அவர்கள் துருவுவார்கள். அதற்குத் தாள் உதவாது. நான்கைந்து சொற்கள் எழுதிய ஒரு சிறு தாளைத் திரையோரம் ஒட்டிக்கொள்வதைக் காணொளியும் தடுக்காது.

கேமரா பயத்துக்கு ஓரளவு மருந்து உண்டு. நம்மைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் திரையில் தெரியும் நம் முகமே. ஜூமில் அதை நமக்கு மட்டும் மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மடிக்கணினியைப் புத்தகங்களின் மேல் வைத்து, கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். அவர்கள் தெரியும் சாளரத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வைத்தால், மனிதர்களைப் பார்த்துப் பேசுவதே கேமராவைப் பார்ப்பதாகிவிடும். திரையில் உங்கள் பெயர் 'அப்பாவின் ஐபேட்' என்று தெரியாமல் முன்பே மாற்றிவிடுங்கள்.

பிம்பத்தைவிட ஒலிக்கே அதிகம் மெனக்கெட வேண்டும். முகம் சற்று மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் விட்டுவிட்டு வந்தால் பத்தே நிமிடத்தில் சலித்துவிடுவார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காராதீர்கள். கம்பியில்லா இயர்போனில் ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் ஒலித்தரம் இறங்கிவிடுவதுண்டு. பழைய கம்பி இயர்போனே மேல். அமைதியாக இருக்கும் என்று புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் பாதுகாப்பறைக்குள் போய் உட்காருபவர்கள் உண்டு. அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை சரியாக வராது. நேர்காணல் இரவில் அமையும் என்பதால், கூடத்தைக் கேட்டு வாங்குவது உங்களுக்கு அவ்வளவு கடினமாக இராது. அந்த அரை மணி நேரம் வீட்டில் வேறு யாரும் படமோ விளையாட்டோ ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

பேசப்போவது ஒரே பேராசிரியர், அவரும் தொலைபேசியில்தான் இருப்பார் என்றால் என் பதில் மாறியிருக்கும். சமநிலையில் இருவர் பேசுவதற்குத் தொலைபேசி நல்ல கருவி. மற்ற விண்ணப்பதாரர்களை எப்படிச் சந்திக்கிறார்கள் என்று துறை அலுவலகத்தில் கேட்பதிலும் தவறில்லை. எல்லாரும் காணொளியில் வர, நீங்கள் மட்டும் குரலாக இருப்பது நல்லதன்று.

தொலைபேசியை மாற்று வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மோசடி அழைப்புகளுக்கு அஞ்சி, வெளிநாட்டு அழைப்புகளையெல்லாம் தடுக்கும் வசதியை நம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தருகின்றன; அதை நீங்களோ அப்பாவோ எப்போதோ பதிந்து வைத்திருந்தால், இணையம் அறுந்த வேளையில் பேராசிரியரின் அழைப்பு உங்களை எட்டாது. முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். கூட்டல் குறியோடு வரும் வெளிநாட்டு எண்ணைக் கண்டதும் துண்டிக்கும் பழக்கத்துக்கும் அன்று ஓய்வு கொடுங்கள்.

பதில் மின்னஞ்சலில் மூன்று செய்திகள் போதும்: ஜூமில் பேச விரும்புகிறீர்கள்; இணைப்பு அறுந்தால் அழைக்க வேண்டிய எண், 65 என்ற நாட்டுக் குறியீட்டோடு; இரு நாட்டு நேரமும் தேதியும். பிப்ரவரியில் அவர்கள் நமக்கு 13 மணி நேரம் பின்னால் இருப்பார்கள். அவர்களுடைய காலை 10 மணி நமக்கு இரவு 11 மணி. நேர்காணல் தள்ளிப்போய் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறைத் தாண்டிவிட்டால், அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருப்பார்கள். அப்போது நீங்கள் இரவு 10 மணிக்கே தயாராக இருக்க வேண்டும்.