லாஸ்பேட்டையில் ஏறினால் எத்தனை மணி நேரம்?

லாஸ்பேட்டை விமான நிலையம் இருக்கிற புதுச்சேரியில் இருபது வருடமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். தூரம், நேரம் பற்றிக் கேளுங்கள்.

முதலியார்பேட்டை வாசகி: ஜூலையில் பாரிஸில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சென்னையில் காலை 4 மணி, துபாயில் மாறி, பாரிஸில் மதியம் 1.30. ஒன்பதரை மணி நேரம்தானே?

இல்லைம்மா. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி பின்னால். ஆகப் பயணம் 13 மணி நேரம். அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் வித்தியாசம் நாலரை ஆகிவிடும். வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊர்க் கடிகாரத்தை நம்பிவிடாதீர்கள்.

நெல்லித்தோப்பு: சென்னை–சிங்கப்பூர்?

சுமார் 2,900 கி.மீ. நாலு மணி நேரத்துக்கு மேல். அங்கே இரண்டரை மணி முன்னால். திரும்பவும் சொல்கிறேன், அந்தந்த ஊர்க் கடிகாரம்.

கல்லூரி மாணவர்: பூமி கிழக்கே சுற்றுகிறது. மேற்கே போகிற விமானம் சீக்கிரம் சேர வேண்டாமா?

காற்றும் பூமியோடுதான் சுற்றுகிறது தம்பி. ஓடும் பஸ்ஸுக்குள் பறக்கும் கொசு பின் கண்ணாடியில் போயா மோதுகிறது? உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் ஜெட் காற்றுதான் காரணம். பாரிஸ் போவதைவிடத் திரும்பி வருவது சீக்கிரம் முடிவது அதனால்தான்.

வில்லியனூர்: பாரிஸ் விசாவுக்கு என்னென்ன வேண்டும்?

தூதரகத்தைக் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம்: கடலூரிலிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி போக லாஸ்பேட்டை விமானம் லாபமா?

வான்வழி சுமார் 270 கி.மீ.தான். லாஸ்பேட்டை ஓடுபாதை 1,500 மீட்டர் சொச்சம், பெரிய ஜெட் இறங்காது. ஏடிஆர் என்கிற காற்றாடி விமானம்தான். இருந்தாலும் ஒரு மணி சொச்சத்தில் இறக்கிவிடும். பஸ்ஸில் திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று ஆறேழு மணி நேரம். விமானமே லாபம்.

மஞ்சக்குப்பம்: கணக்கு தப்பு சார். லாஸ்பேட்டை வர எனக்கு ஒரு மணி நேரம். அங்கே காத்திருக்க ஒன்றரை. தேவனஹள்ளியில் இறங்கி ஊரையே குறுக்கே கடந்து எலக்ட்ரானிக் சிட்டி போக இரண்டு. பஸ்ஸோ ஓசூர் தாண்டியதும் என்னை ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிடும்.

அட, சரிதான். ஓசூர் ரோட்டுப் பக்கம் போகிறவர்கள் ராத்திரி பஸ் ஏறித் தூங்குங்கள். விமான நிலையப் பக்கம் இருக்கிற எலஹங்கா, ஹெப்பால் என்றால் நான் சொன்ன விமானம்தான்.

லாஸ்பேட்டை: ஹெப்பாலுக்கும் பஸ்தான் சார். டிக்கெட் விலையைப் பாருங்கள்.

இங்கே நேரம்தான் பேச்சு. விலையைப் பற்றி டிக்கெட் விற்கிறவனிடம் கேட்டால் என்ன சொல்வான்?

தவளக்குப்பம்: சென்னை–பாரிஸ் எத்தனை மணி நேரம் சார்?

முதல் பதிலைப் படியுங்கள்.