பல வருடம் நின்ற பழைய காரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: அப்பா ஓட்டிய 1960களின் கார் ஒன்று ஆறு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. முதல் இரண்டு வருடம் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம். பேட்டரி போனதும் அதையும் விட்டுவிட்டோம். கார்புரேட்டர் என்ஜின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பாடி நன்றாகவே இருக்கிறது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்தால் போதுமா? காட்சிப் பொருளாக வைக்க விருப்பமில்லை. கடைக்கு, நண்பர் வீட்டுக்கு என்று சாதாரணமாக எடுத்துப் போக ஆசை. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: பேட்டரி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஆறு வருடம் நின்ற காரில் முதலில் சரியாக வேண்டியது பிரேக். என்ஜின் அதற்கு அடுத்துதான். பெரும்பாலும் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, என்ஜின் பிடித்துக்கொண்டதும் அந்தச் சந்தோஷத்திலேயே தெருமுனை வரை ஒரு சுற்று என்று கிளம்பிவிடுவார்கள். 1960களின் பாதி வரை வந்த பெரும்பாலான கார்களில் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3 என்ற பிரேக் ஆயில் வகை புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறியபின் 140 டிகிரியைத் தாண்டினாலே கொதித்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். அதே ஈரம்தான் வீல் சிலிண்டரின் (ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் ஷூவைத் தள்ளும் சிறு சிலிண்டர்) உட்சுவரைத் துரு அரிக்கவும் காரணம். ஆகவே பழைய ஆயிலை முழுவதும் எடுத்துவிட்டு, நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக மடக்கினால் உள்ளே ஈரம் தெரிந்தால் அது கசிகிறது என்று அர்த்தம். ஒன்று கசிந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது. மற்றவையும் அதே வயதுதான். பெடலை மிதிக்கும்போது ஆயிலை எல்லாச் சக்கரத்துக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மறக்க வேண்டாம். மோரிஸ் மைனரில் அது டிரைவரின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கினால்தான் அதன் மூடிக்குப் போக முடியும். கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் வருடக்கணக்கில் யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

ரப்பர் பிரேக் ஹோஸ் ஒரு தனிக் கதை. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஊதி வழி அடைத்திருக்கும். நீங்கள் பெடலை மிதிக்கும் அழுத்தம் அதைத் தாண்டிப் போய்விடும், ஆனால் காலை எடுத்ததும் ஆயில் திரும்பி வராது. சக்கரம் இறுகியே நிற்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். பெடலை மிதித்து விட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் அந்தச் சக்கரத்தின் ப்ளீட் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டு, சக்கரம் விடுபட்டால் கோளாறு ஹோஸிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. நிப்பிளைத் தளர்த்தியும் இறுக்கம் போகவில்லை என்றால் ஷூவோ பிஸ்டனோ துருவில் ஒட்டியிருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு சக்கரம் மட்டும் இப்படி நடந்துகொண்டால் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். ஆறு வருடம் நின்ற காரில் நான் இந்தச் சோதனைக்குக்கூடக் காத்திருக்க மாட்டேன், எல்லா ஹோஸையும் மாற்றிவிடுவேன்.

புது ஆயில் ஊற்றும் முன் உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். சிட்ரோயன் டிஎஸ் மாதிரியான கார்களில் 1960களின் பிற்பாதியிலிருந்து பச்சை நிற மினரல் ஆயில்; அதில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் அத்தனையும் பாழ். டாட் 5 என்ற சிலிக்கோன் வகையை டாட் 3, டாட் 4 உடன் கலக்கக் கூடாது.

டயரில் ட்ரெட் மிச்சம் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்திய டயர், யோசிக்கவே வேண்டாம். பத்து வருடம் தாண்டியதை எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப்போடுங்கள்.

சரி, இப்போது பெட்ரோல். டேங்கில் கிடப்பதில் ஒரு சொட்டுகூட என்ஜினுக்குள் போகக் கூடாது. ஆவியாகும் பகுதி எப்போதோ போய்விட்டிருக்கும். மிஞ்சியதில் எத்தனால் கலந்திருந்தால், அது இழுத்த தண்ணீர் பிரிந்து அடியில் தேங்கி, டேங்கின் தகரத்தைத் துருவாக்கிக்கொண்டிருக்கும். திறந்த வெளியில், பேட்டரி இணைப்பு இல்லாமல் வடித்து எடுங்கள். கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பழுப்பு நிறப் பிசின் ஒட்டியிருக்கும், பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். அதைக் கார்புரேட்டர் க்ளீனரால் கரைத்து, ஜெட் துளைகளில் காற்றை ஊதித் திறக்க வேண்டும். கம்பியை விட்டுக் குடைய வேண்டாம், துளை ஒரு இழை பெரிதானாலும் கலவை மாறிவிடும்.

பெட்ரோல் ஹோஸை எல்லாம் எத்தனால் தாங்கும் புது ஹோஸாக மாற்றுங்கள். பழைய காலத்து ரப்பர் இன்றைய பெட்ரோலில் ஊறி விரிசல் விட்டுவிடும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் இதில் இவ்வளவு கவனமாக இருக்கக் காரணம் உண்டு. அதில் பெட்ரோல் ஹோஸ் சூடான என்ஜின் அறைக்குள்ளேயே போகிறது; துணி சுற்றிய பழைய ஹோஸ் விரிசல் விட்டுக் கசிந்தால் கார் எரிந்துபோகலாம். எந்தக் கார் என்றாலும் கையெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

இனி என்ஜின். ஏர் க்ளீனரைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், நின்ற காரில் இது சர்வசாதாரணம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். இன்னும் ஆயில் விட்டு இன்னும் சில நாள் பொறுங்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையும். கையால் இரண்டு முழுச் சுற்று தாராளமாகச் சுற்றியபின், சம்ப்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) புது ஆயில் மாற்றிவிட்டு, பேட்டரி வாங்கலாம்.

அதிலும் ஒரு எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அந்தக் காலத்துப் பீட்டில்கள் 6 வோல்ட். பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டிவிடாதீர்கள். சரியாக மாட்டியபின், பிளக்குகள் வெளியே இருக்கும்போதே ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றி, ஆயில் விளக்கு அணையும் வரை அல்லது பிரஷர் முள் எழும் வரை பாருங்கள். வறண்டு கிடந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் பிளக் போட்டு, பாயின்ட்டை (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் தொடுமுனை) துடைத்து இடைவெளியைச் சரிபார்த்து (பல கார்களில் 0.4 மில்லிமீட்டர் அளவு), ஒரு சிறு கேனிலிருந்து நல்ல பெட்ரோல் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஷெட் கதவு முழுசாகத் திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு மணக்காது, கண்ணுக்கும் தெரியாது.

நீங்கள் செய்துவந்த அந்தப் பத்து நிமிட ஸ்டார்ட் பற்றி. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அதை இனிமேல் செய்ய வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கார் ஓடி நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியே போய்விடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமினால் சைலன்சரும் சூடாகாது, சம்ப்பில் உள்ள ஆயிலும் சூடாகாது. தண்ணீர் அங்கேயே தங்கி சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும், ஆயிலைக் கெடுக்கும். போதாக்குறைக்கு டைனமோ வைத்த கார் ஐட்லிங்கில் பேட்டரியை ஏறக்குறைய சார்ஜே செய்யாது. ஸ்டார்ட்டர் எடுத்தது திரும்பி வரவே இல்லை; உங்கள் பேட்டரி சீக்கிரம் போனதில் இதற்கும் பங்கு இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். முடியாத மாதங்களில் ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரியைக் கழற்றிவைத்து, அவ்வப்போது சார்ஜ் ஏற்றுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.4க்குக் கீழே விடாதீர்கள்.

ஆகவே கடைக்குப் போகவும் நண்பர் வீட்டுக்குப் போகவும் எடுக்க ஆசை என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் இந்தக் காருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த பராமரிப்பு. கடை மிகப் பக்கம் என்றால் கொஞ்சம் சுற்றி வாருங்கள். பிரேக் ஒட்டிக்கொள்ளாது, சீல்கள் காயாது, சின்னக் கோளாறு பெரிதாகும் முன் காதில் விழும்.

ஓட்டும்போது கை பழக வேண்டியது இடைவெளிக்குத்தான். முன்னால் போகும் புதுக் கார் நிற்கிற தூரத்தில் டிரம் பிரேக் வைத்த உங்கள் கார் நிற்காது. நீங்கள் விடும் இடைவெளியில் வேறொருவர் புகுந்தால் கோபப்படாமல் இன்னொரு இடைவெளி விடுங்கள். இறக்கத்தில் கீழ் கியருக்கு முதலிலேயே வந்துவிடுங்கள். நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறினால், ஃபேன் என்ஜினோடு சுற்றுவதால் நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை லேசாக மிதிப்பது உதவும். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள். வெக்கையில் அவதிதான், ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர். சீட் பெல்ட் இல்லாத காரில் குழந்தைகளை ஏற்றாதீர்கள். பெல்ட் மாட்டத் தகுந்த இடம் பாடியில் இருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்த்துப் போட்டுவிட்டால் நிம்மதி.

நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றால், ஆயிலும், முன்பு பெட்ரோலில் கலந்துவந்த ஈயமும் அதில் கட்டாயம் இருந்திருக்கும். கேம்ஷாஃப்ட்டும் தட்டையான டேப்பெட்டும் நேராக உரசும் அந்தக் கால என்ஜினுக்கு துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்பு வேண்டும். புதுக் கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை பாஸ்பரஸ் கெடுப்பதால் இன்றைய ஆயில்கள் பலவற்றில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய என்ஜினுக்கென்றே விற்கும் 20டபிள்யூ-50 போன்ற ஆயிலை வாங்குங்கள். இதில் உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். ஈயம் விஷயத்தில் பயம் கொஞ்சம் அதிகம். கார்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் உலகில் கடைசியாக விற்பனையில் இருந்தது அல்ஜீரியாவில், அதுவும் 2021 ஜூலையோடு நின்றுவிட்டது. ஈயம் இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை (வால்வு மூடும்போது வந்து உட்காரும் வளையம்) தேயலாம் என்பது உண்மை. நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓட்டும்போதுதான் அது வேகமாக நடக்கும். நீங்கள் ஓட்டப்போகிற விதத்துக்கு, வால்வு இடைவெளியை அவ்வப்போது அளந்து குறித்துவைத்தாலே போதும். எக்ஸாஸ்ட் இடைவெளி ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டே வந்தால் இருக்கை தேய்கிறது. அன்று சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கடினமான இருக்கை போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த முறை அவர்களிடம் உதவி கேட்கும்போது, “வண்டி மக்கர் பண்ணுது” என்று தொடங்காதீர்கள். என்ஜின் குளிராக இருந்ததா சூடாகவா, ஏற்றத்திலா ஐட்லிங்கிலா, திடீரென்று அணைந்ததா இருமி இருமி நின்றதா, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பப் பிடித்தது என்று சொல்லுங்கள். சூடானதும் சட்டென்று அணைந்து, ஆறியபின் ஒன்றுமே நடக்காதது போல் ஓடினால், ஸ்பார்க் தரும் பாகங்களான காயில் அல்லது கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். இருமி நின்றால் பெட்ரோல் வரத்து. உங்கள் மாடலையே தினமும் ஓட்டுகிற ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால், பத்து மாடலைப் பற்றிப் பேசுகிறவரைவிட அவர் சொல்வதற்கு அதிகம் காது கொடுங்கள்.

டிக்கியில் ஃபேன் பெல்ட், பாயின்ட், கண்டன்சர், ரோட்டர், சில ஃப்யூஸ், ஒரு கேன் தண்ணீர், இழுக்கக் கயிறு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் நான்கு டிரம்மையும் தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தச் சக்கரத்தில் நிப்பிள் சோதனையை மறுபடி செய்யுங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.