தாவரவியல் படித்துவிட்டுப் பழைய பருவமழையை ஆராயலாமா?

கேள்வி: பி.எஸ்சி. தாவரவியல் கடைசி ஆண்டில் இருக்கிறேன். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மழையும் காடும் எப்படி மாறின என்பதை முதுநிலையில் படிக்க ஆசை. அதற்கென்று தனிப் படிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. இது நிலவியல்காரர்களுக்கு மட்டுமான துறையா? கணக்கும் எனக்குச் சுமார்தான். - ஒரு வாசகி, கரூர்

‘தொல்காலநிலை’ என்று பெயர்ப்பலகை மாட்டிய எம்.எஸ்சி.யைத் தேடி அலையாதீர்கள். அது இல்லாமலே இந்தத் துறைக்குள் வரலாம். இயற்பியல், வேதியியல், நிலவியல், தாவரவியல் என்று எல்லா வாசல் வழியாகவும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தச் சாட்சியிடம் கேட்கப் போகிறீர்கள் என்பதை. அன்று மழைமானி கிடையாது. பனிக்கட்டி, பவளம், மரவளையம், குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்பு, ஏரிச் சேறு ஆகியவைதான் சாட்சிகள். தாவரவியல் படித்தவருக்குக் கையோடு இருக்கும் சாட்சி மகரந்தம். அதன் புறச்சுவர் அவ்வளவு உறுதியானது; காற்றுப் புகாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தாலும் மட்காது.

நீலகிரியையே பாருங்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா சதுப்பில், மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிய ‘பீட்’ மண் இருக்கிறது. அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை (எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்களை) வைத்து ஏறக்குறைய 20,000 ஆண்டுப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தைச் சொன்ன கட்டுரை 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. முதல் ஆசிரியர் யானை ஆய்வுக்குப் பேர்போன ரா. சுகுமார் என்பது பலருக்குத் தெரியாது! சூட்சுமம் நீங்கள் ஏற்கெனவே படித்ததுதான்: ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தில் சோலை மரங்கள் சி3 வகை, வறட்சி தாங்கும் வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை சி4 வகை. மட்கிய பிறகும் கார்பன்-13 அளவை ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டால் சி3 மண் சுமார் -27 என்றும், சி4 மண் சுமார் -13 என்றும் (ஆயிரத்துக்கு) காட்டும். -27 பக்கம் சாய்ந்தால் ஈரமான காலம், -13 பக்கம் சாய்ந்தால் வறண்ட காலம். ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது இது ஒரு நாள் மழைக்கணக்குச் சொல்லும் என்று நான் நினைத்ததே இல்லை.

சரி, வேலை எப்படி இருக்கும்? ஒரு கன சென்டிமீட்டர் சேற்றை எடுத்துக்கொள்வீர்கள். அதில் எத்தனை வித்துகள் இருக்கின்றன என்று முன்பே தெரிந்த ஒரு லைக்கோபோடியம் (பெரணி போன்ற ஒரு செடி) மாத்திரையைப் போடுவீர்கள். போட்டதில் எத்தனை கண்ணில் பட்டன என்ற விகிதம்தான் பிறகு மகரந்தத்தின் அடர்த்தியைக் கணக்கிட உதவும். அப்புறம் அமிலங்கள். மணலைக் கரைக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் கண்ணாடியையும் கரைக்கும், தோலில் பட்டால் எலும்பு வரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாத ஆய்வகத்தில் அதைத் தொடாதீர்கள். கடைசியில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ஒரு மாதிரிக்கு 300 துகள் போல எண்ண வேண்டும். முதல் மாதம் நான் காற்றுக் குமிழிகளையெல்லாம் புல் மகரந்தம் என்று எண்ணிவைத்தேன். பழகப் பழகக் கண் பிடிபடும். புல் மகரந்தத்துக்கு ஒரே துளை. சீகை (வாட்டில்) மரத்தின் மகரந்தம் பெரும்பாலும் பதினாறு பதினாறாக ஒட்டி, சின்னக் கால்பந்து மாதிரி இருக்கும். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்த மரம் அது. ஆகவே மலையுச்சிச் சேற்றில் அந்தப் ‘பந்து’ வந்துவிட்டால், அந்த அடுக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

படிப்புக்கு வருவோம். எம்.எஸ்சி. நிலவியலுக்குப் பெரும்பாலும் இளநிலையில் நிலவியல் கேட்பார்கள். அதனால் தாவரவியலிலோ சுற்றுச்சூழல் அறிவியலிலோ சேர்ந்து, புராஜெக்டை மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்கள். மகரந்தத்துக்கு லக்னோவின் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம், நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். மரவளையம் என்றால் புனே வெப்பமண்டல வானிலை நிறுவனமும், ஐசோடோப்பு என்றால் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகமும், பனிக்கட்டி என்றால் கோவாவின் துருவ ஆய்வு மையமும் இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு நெட் (தேசியத் தகுதித்) தேர்வை உயிரியல் தாளிலேயே எழுதலாம். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் (2023-ல் உயர்த்தியது).

கணக்கைப் பற்றிப் பயம் வேண்டாம், ஆனால் தப்பிக்கவும் முடியாது. கால்குலஸைவிடப் புள்ளியியல்தான் தேவை. ‘நியோடோமா’ தரவுத்தளத்தில் மகரந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஏதாவது ஒரு ஏரியின் தரவை இறக்கி, ‘ஆர்’ மென்பொருளில் ஆழத்துக்கு எதிராக ஒரு படம் வரைந்து பாருங்கள். ஒரு வாரம் திணறிய பிறகும் ஆசை குறையவில்லையென்றால் விண்ணப்பியுங்கள்.

வழிகாட்டியிடம் பேசும்போது மறக்காமல் ஒன்று கேளுங்கள்: “சேற்றுக்கோர் (துளையிட்டு எடுத்த சேற்றுத் தண்டு) ஏற்கெனவே குளிர்பெட்டியில் இருக்கிறதா? கார்பன் தேதி (கதிரியக்கக் கார்பனை வைத்துக் கணக்கிடும் வயது) வாங்கியாகிவிட்டதா?” புதிதாகத் துளையிட வனத்துறை அனுமதி வேண்டும். தேதிக்கு மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எம்.எஸ்சி. புராஜெக்டுக்குக் கிடைப்பதோ ஒரு பருவம். இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால், பழைய கோர் வைத்திருக்கும் வேறு ஒருவரைத் தேடுங்கள்.